இலை எடு

ஏப்ரல் 12, சனி

இது என் வீட்டுக்காரருடைய நோட்டு. எந்த மரத்துக்கு என்றைக்கு என்ன செய்தார் என்று தினமும் இரண்டு வரி எழுதுவார். மார்ச் 22-ஆம் தேதியோடு நின்றுபோயிருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். முன்பக்கங்களைப் புரட்டவில்லை. ஒருவர் எழுதியதை அவருக்குத் தெரியாமல் படிப்பது நல்ல பழக்கமில்லை. தவிர, என்னைப் பற்றி என்னென்ன எழுதி வைத்திருக்கிறாரோ, யார் கண்டது.

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். தலை எண்ணாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. முதலில் ஆஜர் எடுத்தேன். மொட்டை மாடியில் பத்தொன்பது தொட்டி. ஆல், அரசு, இச்சி, புளி, காகிதப்பூ, பெயர் தெரியாத சிலது. வீட்டுக்குள் சன்னலோரம் ஜேடு செடியோடு சேர்த்து ஐந்து. மாடியில் இருப்பவர்கள் வெளியூர்க்காரர்கள், உள்ளே இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்று பெயர் வைத்துவிட்டேன். மொத்தம் இருபத்து நான்கு. எல்லாமே போன்சாய். பெரியதே முழங்கை உயரம்தான். பெரியது ஆல். தன் மோட்டார் கடைச் சுவர் வெடிப்பில் முளைத்ததைப் பிடுங்கி வந்து முப்பத்தொரு வருடமாக வளர்க்கிறார். வளர்க்கிறார் என்பதா, வளரவிடாமல் வைத்திருக்கிறார் என்பதா, தெரியவில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்து நாளையோடு மூன்று வாரம். ஆஸ்பத்திரியிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். வலது கால் கொஞ்சம் அசைகிறது. வலது கை அசையவில்லை. பேச்சு அறவே இல்லை. நாற்பது வருடம் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டிய கை அது. செம்புக்கம்பியை எண்ணிக்கை தப்பாமல் சுற்றும். பழைய மோட்டாரில் பிரித்த அந்தக் கம்பியைத்தான் மரக்கிளைகளுக்கும் சுற்றி வளைப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மரங்களைப் பற்றித்தான் முதலில் கேட்பார். அதற்காக எழுதுகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வெளியூர்க்காரர்களுக்கு ஆறு மணிக்கே தண்ணீர். ஒரு முறை ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி அடியில் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு மண்ணில் குச்சி குத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். இத்தனை வருடம் அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் திட்டியதில் இவ்வளவும் மனப்பாடம் ஆகியிருக்கிறது.

மாங்காய்ப் பச்சடி எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் ஜெஸிந்தா. சின்ன வயது, சிரித்த முகம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினாள்.

"மொத மூணு மாசம்தாம்மா முக்கியம். ஜூன் கடைசிக்குள்ள எவ்வளவு பேச வெக்கறமோ அவ்வளவுக்கு நல்லது. அப்புறமும் வரும், ஆனா மெதுவா வரும். நான் ஒரு மணி நேரம்தான் இருப்பேன். மிச்ச நேரம் நீங்கதான் அவர்கிட்ட பேசோணும். என்ன வேணாலும் பேசுங்க. சண்டைகூடப் போடுங்க."

"சரிங்க," என்றேன்.

அவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். போனதும் "வந்துட்டேனுங்க" என்றேன். கிளம்பும்போது "போய்ட்டு வர்றேனுங்க" என்றேன்.

ஏப்ரல் 19, சனி

காகிதப்பூ முள் குத்திவிட்டது. நல்லது செய்யப் போனவளுக்கு இதுதான் மரியாதை.

ஏப்ரல் 27, ஞாயிறு

உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு இலை ஓரம் தீய்ந்துபோயிருக்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரே கைதான் தண்ணீர் ஊற்றுகிறது. இதில் என்ன ஓரவஞ்சனை கண்டார்களோ.

மகள் துபாயிலிருந்து கூப்பிட்டாள். "ஏம்மா தனியா சிரமப்படறே? மரத்தையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துரு," என்றாள். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு குழாய். சிறுவாணித் தண்ணீர் ஒன்று, போர்வெல் உப்புத் தண்ணீர் ஒன்று. குடிக்க, சமைக்க சிறுவாணி. மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர். சிறுவாணியைப் போய்ச் செடிக்கு ஊற்றுகிறவளை இந்தத் தெருவில் ஒருத்தியும் மதிக்க மாட்டாள். நானும் உப்புத் தண்ணீரையே ஊற்றினேன். கோடை மழை இரண்டு தடவை பெய்து மாடியில் இருந்தவர்களின் உப்பைக் கழுவிவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு யார் மழை பெய்வது? மண்ணில் உப்பு ஏறி வேர் வெந்திருக்கிறது.

அவர் குடத்தோடு விடிகாலையில் மாடிக்குப் போவது இதற்குத்தானா! "குடிக்கிற தண்ணியக் கொண்டுபோய்க் கொட்டறீங்களா?" என்று நான் கேட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறார். கேட்டிருப்பேன்தான்.

ஐந்து தொட்டியையும் வாசலுக்குக் கொண்டுவந்து, நிழலில் வைத்து, சிறுவாணித் தண்ணீரை மூன்று முறை ஊற்றி அலசினேன். எதிர்வீட்டு அம்மாள் கேட்டில் நின்று பார்த்தார். பார்க்கட்டும்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடக்கம். வெளியூர்க்காரர்களுக்குப் பச்சை வலை கட்டினேன்.

இன்று அவர் பேசினார்.

நர்சம்மா சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். நாலு வாய் வாங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இலை... எடு," என்றார். நாக்கு குழறினாலும் தெளிவாகக் கேட்டது. நர்சம்மாவுக்குச் சந்தோஷம். "ஐயா பேசிட்டாரு!" என்று ஓடிப்போய் ஜெஸிந்தாவைக் கூட்டிவந்தார். நானும் சிரித்தேன். தட்டை எடுத்து வைத்தேன்.

மே 9, வெள்ளி

ஐந்து நாளாக அதே இரண்டு வார்த்தைதான். சாப்பிடும்போது மட்டுமில்லை. ஜெஸிந்தா பசு படம் காட்டினாலும் "இலை எடு". குடை படம் காட்டினாலும் "இலை எடு". என்னைப் பார்த்ததும் இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து "இலை... எடு... இலை" என்கிறார்.

"சிலபேருக்கு ஒரே வார்த்தை ஒட்டிக்கும்மா. அர்த்தத்தோட சொல்றாங்கன்னு எடுத்துக்க வேண்டாம்," என்கிறாள் ஜெஸிந்தா.

அவளுக்குத் தெரியாது. ஆயிரம் பந்தி பார்த்தவள் நான். இலையை எடுக்கச் சொல்கிறவன் யார்? சாப்பிட்டு முடித்தவன். போதும், எனக்கு ஆயிற்று, நான் எழுந்திருக்கிறேன் என்பவன். அங்கே எவர்சில்வர் தட்டுதானே, இலை ஏது? அவர் சொல்வது வேறு இலை. வாழ்ந்தது போதும் என்கிறார்.

மே 13, செவ்வாய்

தண்ணீர் ஊற்றினேன். வேறொன்றுமில்லை.

மே 16, வெள்ளி

பயிற்சி அறைக்கு வரமாட்டேன் என்று சக்கர நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். மூன்று நாளாக இப்படித்தான். கண்ணை மூடிக்கொள்கிறார். இன்று என்னையும் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். ஒத்துழைக்காவிட்டால் இங்கே வைத்திருந்து பிரயோசனமில்லையாம், வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். அப்படியென்றால் பேச்சு இவ்வளவுதான் என்று அர்த்தம்.

ஜெஸிந்தா வாசல்வரை கூடவே வந்தாள். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்பவுமே இவ்வளவு அமைதிதானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக் இல்லாமல் முந்நூறு பிள்ளைகளை ஒரே அதட்டில் வரிசையில் உட்கார வைத்தவளைப் பார்த்து ஒருத்தி கேட்கிறாள்.

"பேச்சு வரமாட்டேங்குதுங்க," என்றேன்.

"உங்களுக்குமா?" என்றாள்.

மே 20, செவ்வாய்

வெயிலுக்கு அரச மரம் வாடியதுபோல் இருந்தது. உரம் வைக்கலாமா கூடாதா தெரியவில்லை. யாரைக் கேட்பது? வேறு வழியில்லாமல் நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினேன்.

எல்லாம் இரண்டு இரண்டு வரி. "வெயில். இச்சிக்கு உரம். சம்பூர்ணம் கோபம்." "மேகமூட்டம். புளிக்கு மண் மாற்றினேன். சம்பூர்ணம் பேசவில்லை." "சாரல். ஒன்றும் செய்யவில்லை. சம்பூர்ணம் பணியாரம் சுட்டாள்." மனிதர் என்னை மழை வெயில் மாதிரி குறித்து வைத்திருக்கிறார்! படிக்கப் படிக்க வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

பிறகு போன வருடம் மே 24-ஆம் தேதிக்கு வந்தேன்.

"ஆல்: இலை எடுத்தேன். மொத்தம் 412. காம்பு இருக்கட்டும், நுனி மொட்டைத் தொடக் கூடாது. தண்ணீர் குறைவு. உரம் கூடாது. சம்பூர்ணம் பார்த்துவிட்டு மொட்டையடித்துவிட்டீர்களே என்றாள்."

அதற்கு முந்தைய வருடம் மே 19. "ஆல்: இலை எடுத்தேன்." அதற்கும் முன்னால் மே 27. எல்லா வருடமும் மே மாதம்தான். பெரிய இலையெல்லாம் எடுத்துவிட்டால் சின்னச் சின்னதாகப் புது இலை விடுமாம். மரம் பெரிய மரமாகவே தெரியுமாம். அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறார்.

நோட்டை மூடிவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் இலையை எடு, ஆலமர இலையை எடு, மே மாதம் போகிறது என்று பதினாறு நாளாகக் கத்துகிறார். நான் அவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடப் பார்த்திருக்கிறேன்!

மே 21, புதன்

காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரே வேலை. ஆலைக் கீழே இறக்கி வைத்து, நகம் வெட்டும் கத்திரியால் ஒவ்வோர் இலையாக, காம்பை விட்டு வெட்டினேன். வெட்டிய இடமெல்லாம் பால் வடிகிறது. துணியால் ஒற்றி எடுத்தேன். கை பிசுபிசுத்து விரல்கள் ஒட்டிக்கொண்டன.

மார்ச்சில் அவர் சுற்றிய செம்புக்கம்பி வலதுபக்கக் கிளையில் அப்படியே இருந்தது. கம்பியை ஆறு வாரத்துக்குமேல் விடக் கூடாது, பட்டையில் பதிந்துவிடும் என்று நோட்டில் இருக்கிறது. எட்டு வாரம் ஆகிவிட்டது. பிரித்தால் கிளை ஒடியுமென்று துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். லேசாகத் தழும்பு விழுந்திருக்கிறது.

எண்ணினேன். 388 இலை. மரம் வெறும் எலும்பாக நிற்கிறது. இலைகளைத் துணிப்பையில் அள்ளிக் கட்டினேன்.

மே 22, வியாழன்

கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பையை அவிழ்த்து அவர் மடியில் கொட்டினேன்.

கண்ணைத் திறந்தார். இடது கையால் ஓர் இலையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வெட்டிய இடத்தை, காம்பு ஒட்டியிருக்கிறதா என்று, பார்த்தார். காம்பு இல்லை. மரத்தோடு இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒருபக்க உதட்டால் சிரித்துக்கொண்டே அழுதார். நான் அவரைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தேன்.

"எத்...னி?" என்றார்.

ஜெஸிந்தா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"முந்நூத்து எம்பத்தெட்டுங்க," என்றேன். "போன வருசத்தவிட இருவத்தி நாலு கம்மிங்க."

"புளி?" என்றார். "புளி... ஜேடு?"

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. புளி நன்றாக இருப்பதை, ஜேடு உள்ளிட்ட உள்ளூர்க்காரர்களுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியதை, சிறுவாணியால் கழுவியதை, எதிர்வீட்டம்மாள் பார்த்ததை எல்லாம் ஒப்பித்தேன். உப்புத் தண்ணீர் என்றதும் நெற்றியில் அறைந்துகொண்டார். இடது கையால்தான்.

"இனிமே படமெல்லாம் வேண்டாம்மா. மரமாவே பேசிக்கலாம்," என்றாள் ஜெஸிந்தா.

மே 29, வியாழன்

ஜேடு தொட்டியை மையத்துக்குக் கொண்டுபோய் அவர் கட்டிலருகே சன்னலில் வைத்திருக்கிறோம். வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத்துணியால் இலைகளைத் துடைக்க வைக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து இலை.

இந்த வாரத்து வார்த்தைகள்: தண்ணி, வெயில், வலை, உரம், வேண்டாம், வேர், பூச்சி, போதும், சம்பு. கடைசியில் வருவது என் பெயரின் பாதி. ஆக மொத்தம் ஒன்பது.

நான் மரங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மற்றதைப் பேசவில்லை.

ஜூன் 5, வியாழன்

அவருடைய அக்கா பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். எனக்கு நங்கையா. தம்பியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், மாடிக்குப் போய் மொட்டை ஆலைப் பார்த்துவிட்டார்.

"ஏ அம்மிணி, இது பட்டே போச்சாட்ட இருக்குது?"

"இல்லீங்க நங்கையா. இலை எடுத்திருக்கறனுங்க. துளுக்குமுங்க."

"நான் அன்னிக்கே அவங்கிட்டச் சொன்னேன். வளர வேண்டிய மரத்தைக் கட்டிப்போட்டு வெச்சா குடும்பம் வளருமாடா, அந்தப் பாவம் சும்மா உடாதுன்னு. கேட்டானா? இப்பப் பாரு, கையும் காலும் கட்டிப்போட்டாப்பல கெடக்கறான்."

காபி போட உள்ளே போய்விட்டேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நங்கையா வந்துதான் அடுப்பை அணைத்தார்.

ஜூன் 6, வெள்ளி

எழுதிவிடுகிறேன். நங்கையா நேற்று சொன்னதைப் பத்து வாரத்துக்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு. என் சித்தி பேத்திக்குக் கல்யாணம். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் ஆலமரத்துக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். "கையையும் காலையும் கட்டி ஒரு உசுர முடக்கி வெச்சிருக்கறீங்களே, உங்கள இப்புடி யாராச்சும் முடக்கிப் போட்டாத்தான் அந்த வேதனை தெரியும்," என்றேன்.

என் நாக்கில் மச்சம் உண்டு. கருநாக்கு. சொன்னால் பலிக்கும் என்று சின்ன வயதிலேயே அம்மா என் வாயைப் பொத்துவாள். பள்ளிக்கூடத்துச் சமையலறைச் சுவரைப் பார்த்து "இது விழப்போகுது" என்றேன், ஒரு வாரத்தில் விழுந்தது. இரண்டு கல்யாணம் நின்றுபோனதையும் என் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், மார்ச் 23 வரைக்கும்.

சொல்லிவிட்டுக் கீழே வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். இனி நானாகக் கூப்பிடுவதில்லை, அவராக இறங்கி வரட்டும் என்று வீம்பு. மேலே ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. தொட்டியைத் தள்ளி வைக்கிறார் என்று நினைத்தேன். ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே போனால், விழுந்து கிடந்தார். எத்தனை மணிக்கு ஆனது என்று டாக்டர் கேட்டபோது தெரியலைங்க என்றேன். தெரியும். எட்டு பத்து.

அதனால்தான் மையத்தில் வாயைத் திறக்கவில்லை. இன்னும் எதையாவது சொல்லி, அதுவும் பலித்துவிட்டால்?

ஜூன் 9, திங்கள்

போன வருடம் பதினெட்டாம் நாள் மொட்டு வந்திருக்கிறது. இன்று பத்தொன்பதாம் நாள். ஒன்றுமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இல்லை. காம்பெல்லாம் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்கிறது. "ஆல்?" என்று அவர் கேட்டார். "இருக்குதுங்க," என்றேன்.

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டது!

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நுனியில் ஊசி மாதிரி சிவப்பாக ஒன்று. அப்புறம் இன்னொன்று. காம்பு உதிர்ந்த இடத்திலெல்லாம் குத்திக்கொண்டு நிற்கிறது. பதினேழுவரை எண்ணினேன். கண் மங்கிவிட்டது, திரும்ப எண்ணினேன், பத்தொன்பது. இந்த மாதம் வெயிலே இல்லை, சாரலும் மூடாக்குமாக இருந்தது, அதனால்தான் நான்கு நாள் தாமதம். எனக்கு வேறென்னென்னவோ தோன்றியிருந்தது.

தம்பி மாதிரி பழகும் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன். "மரம் துளுத்திருக்குதுங்க தம்பி." அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஜூன் 18, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டார். ஊன்றுகோல் பிடித்து வாசலிலிருந்து கூடம்வரை நடந்தார். வார்த்தை ஐம்பதுக்குமேல் வருகிறது. இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்கிறார். ஜெஸிந்தா வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருவாள்.

வந்ததும் உள்ளூர்க்காரர்களைத்தான் பார்வையிட்டார். தொட்டிகளைக் கால் வட்டம் திருப்பி வைக்கச் சொன்னார். திருப்பினேன். "அந்தப்... பக்கம்," என்றார். மறுபடி திருப்பினேன். அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பணியாரம் சுட்டேன். அவர் நோட்டில் அதை எழுதும் ஆள் இப்போது நான்தான் என்பதால் நானே எழுதுகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாடிக்குப் போக வேண்டும் என்று ஒரு வாரமாகப் பிடிவாதம். ஏறலாம், பின்னால் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஜெஸிந்தா சொல்லிவிட்டாள். பதினேழு படி. இடது கையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொன்றாக, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, ஏறிவிட்டார். நான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டே வந்தேன். விழுந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் உருண்டிருப்போம்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆலைப் பார்த்தார். இலைகள் விரல் நகம் அளவுக்கு வந்திருக்கின்றன, மினுமினுவென்று. ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா... இருக்கு," என்றார். முப்பத்து நாலு வருடத்தில் நான் செய்த ஒரு வேலையைப் பார்த்து அவர் இப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

காற்று பலமாக இருந்தது. அவர் விழுந்து கிடந்த இடம் ஆறடி தள்ளி. எனக்கு அங்கே பார்வை போகாமல் இருக்கவில்லை.

"ஏனுங்க, அன்னிக்குக் காலைல நான் மேல வந்தனே, ஞாபகம் இருக்குதுங்களா?"

நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். தலையை ஆட்டினார். இல்லை.

"கலியாணத்துக்குக் கெளம்பச் சொன்னேனுங்க."

இல்லை. அன்றைய காலை முழுக்கவே அவருக்கு ஞாபகத்தில் இல்லை. கம்பி சுற்றியதே நினைவில்லையாம்.

இனி நானாகச் சொன்னால்தான் உண்டு. நான் சொன்னதை வேறொருவரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆளுக்கும் மறந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போயிருக்கலாம். போக முடியவில்லை. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொன்ன வார்த்தையை வார்த்தை மாறாமல் சொன்னேன். நாக்கு மச்சத்தையும் சொன்னேன். சத்தம் கேட்டும் எழுந்து வராததைச் சொன்னேன். ஐம்பது நிமிஷத்தையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவர் இடது கையை என் தலையில் வைத்தார்.

"உன்... வாய்... பலிக்குமா?"

"பலிக்குதுங்களே," என்று அழுதேன்.

"அப்ப... நல்லதா... நாலு... சொல்லேன்."

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சேர்த்துச் சொன்ன மிக நீளமான பேச்சு அது. எனக்குத் திகைப்பாக இருந்தது. பதினைந்து வாரம் கெட்டதையே நினைத்துக்கொண்டிருந்ததில் நல்லது என்று ஒன்றை யோசிக்கவே வரவில்லை. அவர் விடவில்லை. இடது கைவிரல் ஒன்றை நீட்டிக் காட்டினார்.

"உங்க காலு நல்லாயிரும். கோலில்லாம நடப்பீங்க," என்றேன்.

இரண்டு விரல்.

"வலது கை வருமுங்க. கொஞ்சம் கொஞ்சமா வரும். கம்பி சுத்துவீங்க."

மூன்று விரல்.

"அடுத்த மே மாசம் நீங்களே இலை எடுப்பீங்க. நான் பக்கத்துல உக்காந்து எண்ணுவேன்."

நாலாவது விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பள்ளிக்கூடக் குரல் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னேன்.

"முன்னாட்ட எங்கூட மல்லுக்கு நிப்பீங்க! நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒம்போது சொல்லுவீங்க!"

அவர் என்னைப் பார்த்தார். உதடு கோணியது. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பது முகத்தில் தெரிந்தது.

"நீ... ஒண்ணோட... நிறுத்துனாத்தானே," என்றார்.

என் வாய்ச்சொல் இத்தனை சீக்கிரம் பலித்தது இதுதான் முதல் தடவை.